கனம் தூக்கக் கூடாது

குப்புறப் படுத்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். மேசையில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் மேல் காகிதம் விரித்து நடுவில் கிழித்து வைத்திருக்கிறாள் டாக்டருக்கு உதவிக்கு இருக்கும் பெண். மூச்சு விட்டால் காகிதம் எழும்பி மூக்கில் ஒட்டுகிறது. ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது, தரையில் ஒரு தலைமுடி சுருண்டு கிடக்கிறது, என்னுடையது இல்லை, என் முடி இவ்வளவு கருப்பு இல்லை. "டாக்டர் பக்கத்து ரூம்ல இருக்காரு, வந்துருவாரு, அதுவரைக்கும் அசையாம படுத்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அசையாமல் படுத்திருப்பதா. இதைவிடப் பெரிய வைத்தியம் எனக்கு வேண்டாம் தாயே, ஒரு வாரம் என்னை இப்படியே போட்டு வை, யார் கூப்பிட்டாலும் செத்துவிட்டாள் என்று சொல் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு சத்தம் கேட்கிறது. முருங்கைக்காயை ஒடித்த மாதிரி. ஒரு ஆள் "அம்மா" என்று கத்துகிறான், உடனே சிரிக்கிறான், "சார், போயிடுச்சு சார், நிஜமா போயிடுச்சு சார்" என்கிறான். எலும்பு முறிந்துவிடும் என்ற பயம் இல்லை. முறிந்தால் நல்லது. எனக்கும் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

போய்விடக் கூடாது. இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். வலி போக வேண்டும் என்று பணம் கட்டி வந்து படுத்துக்கொண்டு, வலி போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவள் திருச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வலி பொய் இல்லை. இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு புள்ளி, அங்கேயிருந்து புட்டத்துக்கு இறங்கித் தொடைக்குப் பின்னால் வழிந்து பாதத்தில் எரியும். குனிந்து வாளியைப் பிடித்தால் வரும். தும்மினால் வரும். படுக்கையில் கிடக்கும் என் வீட்டுக்காரரைத் தூக்கினால், அதைக் கேட்கவே வேண்டாம். முதலில் எண்ணெய் தேய்த்தேன். அப்புறம் இடுப்புக்கு பெல்ட், அது வெயிலில் வேர்க்குரு கொடுத்ததுதான் மிச்சம். அப்புறம் எலும்பு டாக்டர், ஸ்கேன், தண்டுவடத்தில் ஊசி. அப்புறம் பிசியோதெரபி என்று கரண்ட் வைத்தார்கள், தினம் போய்ப் படுக்க வேண்டும், தினம் போனால் அவரை யார் பார்ப்பது, பாதியிலேயே விட்டேன். கட்டியது கட்டியதுதான், திருப்பித் தரமாட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் என் கொழுந்தன் குணசேகரன்தான் வண்டியில் கூட்டிப் போவான், அவன்தான் பணம் கட்டுவான், ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். முகம் சுளித்தது கிடையாது. திரும்பும்போது இளநீர் வாங்கித் தருவான். அவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். இப்போதும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனில் இந்த டாக்டரின் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ராத்திரி பகல் பார்த்துப் பார்த்து, "அண்ணி, இவரு கைய வெச்சாருன்னா அவ்வளவுதான், சக்கர நாற்காலில வந்தவன் நடந்து போறான்" என்று என்னைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறான். வெளிநாட்டில் படித்தவராம். மாத்திரை இல்லை, கத்தி இல்லை, கையாலேயே சொடக்கு எடுத்து முதுகெலும்பை அதனதன் இடத்தில் உட்கார வைப்பாராம். வீடியோ எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டால் கட்டணத்தில் பாதிதான் என்று வாசலில் அந்தப் பெண் சொன்னாள். நான் வாயைத் திறக்கும் முன்னே இவன் சரி என்று தலையாட்டிவிட்டான். என் முதுகு, அவன் சரி.

அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். மாலினி பார்த்துக்கொள்வாள். குணசேகரனின் பெண்டாட்டி. பார்த்துக்கொள்வாள் என்றால் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். டிவி போட்டுவிடுவாள், தண்ணீர் ஸ்பூனில் கொடுப்பாள், தொடமாட்டாள். மச்சாண்டாரை எப்படித் தொடுவது என்று கேட்பாள், அதில் தப்பு சொல்ல முடியாது. நான் வந்து திருப்பும் வரை அவர் ஒரே பக்கமாகக் கிடப்பார், வலது பக்கம், உணர்ச்சி இல்லாத பக்கம், அங்கேதான் புண் வரும், நான் ஓட வேண்டும். ராஜமாணிக்கம் என்றால் மின்வாரியத்தில் தெரியாதவர்கள் இல்லை. கம்பத்தில் ஏறினால் கம்பம் ஆடும் என்று கேலி செய்வார்கள், அப்படி ஆள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு சரிந்தார், அன்றோடு பேச்சு போயிற்று, ஒரு பக்கம் போயிற்று, எடை மட்டும் போகவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூசுக்கு, அங்கேயிருந்து நாற்காலிக்கு, திரும்பப் படுக்கைக்கு. அவரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம் கல்யாணத்தன்று இவர் என்னைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டினாரே என்று நினைவு வரும், எல்லாரும் சிரித்தார்கள், நான் வெட்கத்தில் செத்தேன், அப்போது நான் ஒரு பூனைக்குட்டி எடைதான் இருந்திருப்பேன், அவருக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை. இருக்கிறது. சில காலைகளில் இருக்கிறது, குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி முடித்ததும் மறுபடி நனைத்துவிட்டு என்னைப் பார்ப்பாரே, அப்போது இருக்கிறது. உடனே அவர் கண்ணில் தண்ணீர் வரும். என் வெறுப்பு அவருக்குத் தெரிந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். பிறகு நாள் முழுக்க நான் அவரிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவேன். இப்படி எத்தனை நாள். ஆள் வைக்காமல் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், நல்ல பையன், தொட்டதும் இவர் அவன் கையைக் கடித்துவிட்டார். ரத்தம். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குடும்பமே கூடி நின்று, "அண்ணனுக்கு அண்ணி கைதான், வேற கை பட்டா ஏத்துக்க மாட்டாரு" என்றது. பெருமையாகத்தான் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அந்தப் பெருமைக்கு இந்த முதுகு.

குளிர்சாதனம் முதுகில் அடிக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கீழே நைட்டித்துணி மாதிரி ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் இப்போது பேச்சு, சிரிப்பு, "வீடியோல நல்லா வந்திருக்கு சார்" என்கிறாள் அந்தப் பெண். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஃபோனில் கூடினார்கள். கரூரிலிருந்து நாத்தனார், ஓசூரிலிருந்து என் மகள் அபிநயா, இங்கே குணசேகரன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினேன். நாத்தனார்தான் நர்ஸ் பேச்சை எடுத்தார். இரண்டு பேரை மாற்றி மாற்றி வைக்கலாம், பெரிய தம்பி கடிக்காமல் இருக்க மயக்கத்துக்குக் கொஞ்சம் மருந்து கொடுக்கலாம் என்றார். குணசேகரன் மாதக் கணக்கைச் சொன்னான். பிறகு அவனே, "அதுக்குப் பதிலா இந்த டாக்டர்கிட்ட பத்து சிட்டிங் பேக்கேஜ் கட்டிரலாம்க்கா, ஒரே தடவை செலவு, அண்ணிக்கும் வலி போயிரும்" என்றான். நாத்தனார் உடனே, "அதான் சரி, பாவம் ஜெயக்கொடிக்கும் நிம்மதி" என்றார். பாவம் ஜெயக்கொடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தூக்குகிற ஆளை மாற்றுவதைவிடத் தூக்குகிறவளைப் பழுது பார்ப்பது மலிவு. இதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை, நான் கணக்குப் போட்டாலும் அதுதான் வரும். மோட்டாருக்கு காயில் கட்டுவதா, புது மோட்டாரா. அபிநயா அப்புறம் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். "அம்மா, முடியலன்னு சொல்லும்மா. நீ ஏன் சொல்லவே மாட்டேங்கிற?" "சொல்லிட்டுத்தானடி இருக்கேன்." "எங்க சொன்ன? ஸ்பீக்கர்ல உன் சத்தமே வரல." அது நிஜம். எனக்கு வலிக்கிறது என்று சொல்ல வரும். எனக்கு முடியவில்லை என்று சொல்ல வராது. முன்னது உடம்பைப் பற்றி, பின்னது அவரைப் பற்றி. நான் முடியாது என்றால் அவரை வேண்டாம் என்றதாக ஆகிவிடும். ஒரு டாக்டர் முடியாது என்றால் அப்படி ஆகாது.

எலும்பு டாக்டர் சொன்னார்தான். "கனம் எதுவும் தூக்காதீங்கம்மா" என்று, அடுத்த சீட்டை எழுதிக்கொண்டே. அதை வந்து சொன்னபோது குணசேகரன், "எல்லா டாக்டரும் எல்லாருக்கும் அதத்தான் அண்ணி சொல்லுவாங்க" என்றுவிட்டான். இந்த டாக்டர் சொன்னால் அப்படித் தள்ளிவிட மாட்டான். இவர் அவன் கண்டுபிடித்த டாக்டர். இவர் வாயால், அவன் காதுபட, இனி தூக்கக் கூடாது என்று வந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு கரூர் ரோட்டில் இருக்கிற, படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லம். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியாது. ஆண்கள் கூடத்தில் டெட்டால் வாசனை, அதற்கு அடியில் எனக்குத் தெரிந்த அதே வாசனை. அங்கே ஒருவரைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைப் பார்த்து அதில் ஒருத்தர், "ஒத்த ஆளு தூக்கவே கூடாதும்மா, எங்களுக்கு அது ரூலு" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒற்றை ஆள் தூக்கக் கூடாது என்று எங்கேயோ ஒரு விதி இருந்திருக்கிறது, நான்தான் அந்த விதி இல்லாத வீட்டில் இருந்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அவருடைய பென்ஷனிலேயே கட்டிவிடலாம். வாரம் மூன்று நாள் போவேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன், பிடித்துக்கொள்ள மட்டும். முடி வெட்டிவிடுவேன். மறுபடி அவருக்குப் பெண்டாட்டியாக இருப்பேன். அழுவாரா, அழுவார், கடிப்பார், கொஞ்ச நாள். பழகிவிடும். பழகாவிட்டால்? பழகாவிட்டால் என்று நினைக்காதே. நினைத்தால் எழுந்து ஓடிவிடுவாய். இப்படியே போனால் ஒரு நாள் கை விட்டுவிடும், கக்கூசுத் தரையில் அவரைப் போட்டுவிடுவேன், அது தெரியாமல் விட்டதா தெரிந்து விட்டதா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அந்த நாள் வரும் முன்னால் அவர் அங்கே போய்விட வேண்டும். ஆகவே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். என்ன செய்தாலும், எத்தனை சொடக்கு எடுத்தாலும், வலிக்கிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், ஒரே வார்த்தை, அதுவும் இந்த நிமிஷம் வரை நிஜமான வார்த்தை.

கதவு திறக்கிறது. ஓட்டை வழியாக வெள்ளை ஷூ தெரிகிறது. "வணக்கம்மா. பயப்படாதீங்க." சின்னப் பையன் குரல், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். விரல்கள் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக இறங்குகின்றன, அந்தப் புள்ளியில் நிற்கின்றன, கண்டுபிடித்துவிட்டான். யாரும் சொல்லாமல் ஒருவர் கை அங்கே போய் நிற்பது எனக்கு இதுதான் முதல் தடவை. "இவ்வளவு இறுக்கம் எப்படிம்மா வந்துச்சு? என்ன வேலை பண்றீங்க?" "வீட்லதான் இருக்கேன்." நல்ல பதில். ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார். மேல் காலை மடக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளுகிறார், அந்தப் பெண் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கிறாள். "மூச்சை இழுங்க. விடுங்க. இன்னும் விடுங்க." விட்டேன். மூச்சு எல்லாம் போனதும் அவர் உடம்பின் கனம் மொத்தமும் என் இடுப்பில் இறங்கியது, உள்ளே எதுவோ மடமடவென்று முறிந்தது, சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த இடத்தைத் தேடினேன், எல்லாச் சாமானையும் எடுத்து வெளியே வைத்துப் பெருக்கிய அறை மாதிரி இருந்தது. தொடையில் இல்லை, பாதத்தில் இல்லை. மறு பக்கமும் ஒரு முறை செய்தார். கழுத்துக்குக் கை கொண்டுவந்தபோது வேண்டாம் என்றேன். எழுந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், கையை ஊன்றாமல். நடக்கச் சொன்னார். நடந்தேன். அழுகை அழுகையாக வந்தது, எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா, இப்படித்தான் எல்லாரும் நடக்கிறார்களா, தெருவில் போகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்களா, என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லையே. "எப்படிம்மா இருக்கு?" ஃபோன் பக்கத்தில் வந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் கிட்டத்தட்ட சொல்லிவிட்டது. நான் பல்லைக் கடித்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலை நினைத்தேன்.

"வலிக்குதுங்க" என்றேன். "இன்னும் கூடுதலா வலிக்குது. காலு மரத்துப் போகுது." அந்தப் பெண் ஃபோனைத் தாழ்த்தினாள். அழுததால் நம்பிவிட்டார்கள். டாக்டர் முகம் மாறியது. காலைத் தூக்கச் சொன்னார், பாதி தூக்கி ஆ என்றேன். கால் கட்டை விரலை அழுத்தச் சொன்னார், அழுத்தவில்லை. அவர் பயந்தார், எனக்குப் பாவமாக இருந்தது, நல்ல பையன், கை சுத்தமான கை. "வீட்ல எதுவும் கனம் தூக்குறீங்களாம்மா?" எத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கை, நாற்காலி, கக்கூசு, கடித்த கை. அவர் என்னைவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு, "கூட வந்தவரைக் கூப்பிடுங்க" என்றார். குணசேகரன் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் காதுபட, அவன் கண்டுபிடித்த டாக்டர் சொன்னார். "சார், இவங்க இனிமே யாரையும் தூக்கக் கூடாது. தூக்கினா நரம்பு போயிரும், அப்புறம் இவங்களையே நீங்க தூக்க வேண்டி வரும். நான் இதுக்கு மேல கை வைக்க மாட்டேன்." "பேக்கேஜ் சார்?" "வேணாம். இன்னைக்குள்ளது மட்டும் கட்டுங்க." குணசேகரன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் இவனை வைத்து மிதித்ததைச் சொல்லுவானே, அந்தப் பிள்ளையின் முகம். கூடத்துக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நாங்க என்ன மிருகமா? அக்காகிட்டப் பேசுறேன். நல்ல இடமா பாத்துருவோம். கரூர் ரோட்டுல ஒண்ணு இருக்காம்." நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் சிரித்திருப்பேன், அல்லது ஓவென்று கத்தியிருப்பேன். முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபம். ராஜாவே, என் ராஜாவே, மன்னித்துக்கொள், வாரம் மூன்று நாள் இல்லை, தினம் வருகிறேன்.

அவன் பணம் கட்ட நின்றான். வீடியோ இல்லாததால் முழுக் கட்டணம் என்று அந்தப் பெண் சொல்ல, அவன் பர்ஸைத் திறந்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறவள் நிற்கிற மாதிரி நின்றேன். எதிரே இரும்பு நாற்காலி வரிசையில் ஒரு பெரியவர், நெட்டை ஆள், வேட்டி சட்டை, அடுத்த முறை அவருடையது போலிருக்கிறது. அவர் மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் ஒத்துழைக்கவில்லை, எனக்கு அது முதலிலேயே தெரிந்துவிட்டது, கால் வழுக்குவதற்கு முன்னால் முகத்தில் ஒன்று வரும், ஒரு குழந்தைத்தனமான ஆச்சரியம், அதை எனக்குத் தெரியும். அவர் சரியத் தொடங்கியபோது நான் அங்கே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. என் முட்டி அவர் முட்டிகளுக்கு நடுவில் போய்விட்டது, அக்குளுக்கு அடியில் போன என் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன, அவர் தாடை என் தோளில் விழுந்தது, பின்னங்காலை ஊன்றி ஒரே மூச்சில் அவ்வளவு பெரிய ஆளைத் தூக்கி, திருப்பி, நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியைச் சரிசெய்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, நல்ல வேளை, நீங்க மட்டும் இல்லன்னா!" கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அறை வாசலில் டாக்டர் நின்றார், பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் இடுப்பில் கை வைத்து அழுத்தினேன். அந்தப் புள்ளியை விரலால் தோண்டினேன். வா, வந்துவிடு, கொஞ்சமாவது வா. ஒன்றும் வரவில்லை. குணசேகரன் பர்ஸைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம், பொய் சொன்னீர்களா என்று கேட்டிருக்கலாம். அவன் முகத்தில் அப்படி எதுவும் வரவே இல்லை. கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். "அண்ணி! சரியாயிருச்சு அண்ணி! உங்களுக்கே தெரியல, சரியாயிருச்சு! நான் சொன்னேன்ல, இவரு கைய வெச்சா அவ்வளவுதான்னு!" அந்தப் பெண்ணிடம் திரும்பி, பத்து சிட்டிங்குக்கும் சேர்த்தே கட்டிவிடுவதாகச் சொன்னான். பிறகு ஃபோனை எடுத்து வீட்டுக்குப் போட்டான். மறுமுனையில் மாலினி எதுவோ பதற்றமாகச் சொல்வது எனக்குக் கேட்டது, அவர் கத்துகிறார் போலிருக்கிறது, பின்னால் அந்தச் சத்தமும் கேட்டது. "நீ தொடாத மாலினி, நீ பேசாம இரு" என்றான் குணசேகரன். "அண்ணி கிளம்பிட்டாங்க. இன்னும் பத்து நிமிஷத்துல வந்து தூக்கிருவாங்க."